பரிசாகக் கொடுக்க நல்ல இந்திய மது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர்களும், வெளிநாட்டுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்களும் என்னை ஃபோனில் கூப்பிட்டு, “பரிசா குடுக்கிற மாதிரி நம்ம நாட்டுச் சரக்கு ஒண்ணு சொல்லேன்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பாட்டிலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைக்க எனக்கு மனம் வராது. யாருக்கு, எதற்காக, எந்த ஊருக்கு என்று கேட்பேன். அவர்களும் பதிலுக்கு நிறையக் கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை.

இந்தியச் சரக்கைப் பரிசாகக் கொடுத்தால் மட்டமாக நினைக்க மாட்டார்களா?

இருபது வருடத்துக்கு முன்னால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்று இல்லை. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 1948-ல் தொடங்கியது. வெகுகாலம் சாதாரண ரம், பிராந்தி வகைகளைச் செய்துவந்தவர்கள், தங்கள் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-ல் முதன்முதலாக வெளியிட்டது இந்தியாவில் இல்லை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். திருநெல்வேலிக்குப் போய் அல்வாக் கடை போடுவது போன்ற காரியம் அது. அதற்குப் பிறகு வந்த அவர்களுடைய ‘ஃப்யூஷன்’ விஸ்கிக்கு, விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் 97 மதிப்பெண் கொடுத்து, உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் நம் ஊர்க் கடைக்காரர்களே அதைக் கண்ணில் படும் இடத்தில் எடுத்து வைத்தார்கள்.

லண்டனில் இருப்பவருக்கு இங்கிருந்து ஸ்காட்ச் வாங்கிப் போவதில் என்ன பொருள்? அவர் தெருமுனைக் கடையிலேயே அது கிடைக்கும். கோவாவின் முந்திரிப்பழ ஃபெனி அங்கே லேசில் கிடைக்காது. ஓர் ஊரின் மண்ணும் வெயிலும் இருக்கிற பாட்டிலைக் கையில் கொடுங்கள். வாங்குபவர் அதைத் திருப்பிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். விலையை விட எனக்கு அதுதான் முக்கியம்.

எல்லா லேபிளிலும் விஸ்கி என்றுதான் போட்டிருக்கிறது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

நம் நாட்டில் அதிகம் விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த வாசனையற்ற சாராயத்தில் கொஞ்சம் மால்ட் விஸ்கியும் நிறமும் சேர்த்தவை. மொலாசஸில் செய்ததை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்று விற்கச் சட்டமே இடம் தராது. பரிசு கொடுக்க வேண்டுமானால் லேபிளில் ‘சிங்கிள் மால்ட்’ என்ற சொற்களைத் தேடுங்கள். முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிப்பாலை, செம்புக் கொப்பரையில் காய்ச்சியது, மரப்பீப்பாயில் முதிர்ந்தது. இவ்வளவும் சேர்ந்தால்தான் அது சிங்கிள் மால்ட்.

இன்னொரு அடையாளம், ஆல்கஹால் அளவு. நம் ஊர்ப் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று ஒரு விநோதமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளைக்காரன் காலத்து ‘புரூஃப்’ அளவின் மிச்சம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 75 புரூஃப் என்பதை ஏழில் நான்காகப் பெருக்கினால் 42.8 வரும். நல்ல சிங்கிள் மால்ட்டுகள் பலவற்றில் 46 அல்லது 50 என்று இருக்கும். தண்ணீர் குறைவாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்காட்ச்சில் 12 வருடம், 18 வருடம் என்று போடுகிறார்கள். இந்திய விஸ்கியில் வயதே இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இந்திய விஸ்கியின் கதையே இதில்தான் இருக்கிறது. பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் அளவு போகும். பெங்களூரில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம். நூறு லிட்டர் ஊற்றி வைத்தால், நாலு வருடம் கழித்துத் திறக்கும்போது அறுபத்தைந்து லிட்டர் இருந்தால் அதிகம். வெயிலில் மரம் விரிந்து சுருங்க, விஸ்கி மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். அதனால் நிறமும் சாரமும் சீக்கிரமே ஏறிவிடும். இங்கே நாலைந்து வருடத்தில் கிடைக்கும் ஆழத்துக்கு அங்கே பல மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் வைத்தால் இங்கே பீப்பாயில் பாதிகூட மிஞ்சாது. வயது போடாததில் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த எண்ணுக்கு நம் வெயிலில் வேறு பொருள், அவ்வளவுதான். பெரியவர் யாராவது “எத்தனை வருஷம்?” என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

விஸ்கி நன்றாகத் தெரிந்தவருக்கு எதைக் கொடுப்பது?

அவர் வழக்கமாக எதைக் குடிப்பார் என்று முதலில் விசாரியுங்கள். புகைவாசனை பிடிக்குமா, பிடிக்காதா என்பதுதான் பெரிய பிரிவு. பீட் என்ற சதுப்புநில மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்தால் விஸ்கிக்கு ஒரு புகை வாசனை வரும். சிலருக்கு அது உயிர். சிலருக்கு ஆஸ்பத்திரி வாடை.

இரண்டும் தெரியாவிட்டால் அம்ருத் ஃப்யூஷன் தப்பாது. முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லி, 50 சதவீத ஆல்கஹால். புகை பின்னால் மெல்ல வரும், முன்னால் வந்து மூக்கில் அடிக்காது. இருந்தாலும் 50 என்பது கொஞ்சம் காரம். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்கச் சொல்லிக் கொடுங்கள். என் மாமனாருக்கு முதலில் அப்படியே ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். அரை ஸ்பூன் தண்ணீர் விட்டதும் தானாகவே கையில் எடுத்து முகர்ந்தார். “ஆரஞ்சுத் தோல் மாதிரி வருதே மாப்ளே” என்றார். அந்தப் பாட்டிலை அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஊற்றவில்லை.

புகை வேண்டாம் என்பவருக்கு பால் ஜான் ‘பிரில்லியன்ஸ்’. கோவாவின் குன்கோலிமில் வடிப்பது. தேனும் பார்லியும் கலந்த மென்மை. அதே நிறுவனத்தின் ‘எடிட்டட்’ வகையில் லேசான புகை, ‘போல்ட்’ வகையில் நல்ல புகை. இனிப்பும் உலர்பழமும் பிடித்தவருக்கு இந்த்ரி ‘த்ரிணி’. ஹரியானாவின் கர்னால் மாவட்டத்தில் இருக்கும் இந்த்ரி என்ற சிற்றூரின் பெயர் அது. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், பிரெஞ்சு ஒயின் பீப்பாய், ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் பீப்பாய் மூன்றிலும் முதிர்ந்ததைக் கலப்பதால் ‘த்ரிணி’. இதே நிறுவனத்தின் தீபாவளிப் பதிப்பு 2023-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விஸ்கிப் போட்டியில் முதலிடம் பெற்றபோது செய்தித்தாளெல்லாம் அதுதான் பேச்சு. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் ‘ஆசவ’ கொஞ்சம் விலை கூடியது. இந்தியச் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் கடைசியாக முதிர்த்தெடுப்பது. நாட்டு மருந்துக் கடையில் ஆசவம், அரிஷ்டம் என்று கேள்விப்பட்ட நமக்கு அந்தப் பெயரே பரிச்சயம்.

ஒரு பாட்டில்தான் வாங்க முடியும், ஒன்றை மட்டும் சொல் என்றால் ஃப்யூஷன்தான் சொல்வேன். பெங்களூர்க்காரன் என்பதால் சொல்லவில்லை.

ஓல்டு மாங்க் கொடுத்தால் சின்னத்தனமாக இருக்குமா?

ஆளைப் பொறுத்தது. காலேஜ் ஹாஸ்டலில் உங்களோடு இருந்துவிட்டு இப்போது டொராண்டோவில் இருக்கும் நண்பனுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. மோகன் மீகின் நிறுவனம் 1954-ல் வெளியிட்ட ரம். ஏழு வருடம் முதிர்ந்தது. அந்தக் குட்டையான பாட்டிலில் இருக்கும் சொரசொரப்பான கட்டங்களை விரல் தொட்டதுமே அவனுக்குப் பழைய மொட்டைமாடி ஞாபகம் வரும். ஒரு கோவில்பட்டி கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைக் கூட வையுங்கள். ரம்மின் வெல்ல வாசனைக்கும் வறுத்த கடலைக்கும் அப்படி ஒரு பொருத்தம். இதை நான் பலருக்குச் சொல்லி, எல்லோரும் திரும்பி வந்து ஆமாம் என்றிருக்கிறார்கள்.

முன்பின் பழக்கமில்லாத மேலதிகாரிக்கு ரம்தான் தர வேண்டும் என்றால் ‘காமிகரா’ பாருங்கள். மொலாசஸ் இல்லாமல் கரும்புச் சாற்றிலிருந்தே வடித்தது. 12 வருடம் முதிர்ந்த வகை 50 சதவீதம். வெயிலில் பன்னிரண்டு வருடம் என்றால் எவ்வளவு ஆவியாகிப் போயிருக்கும் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், விலை ஏன் அப்படி என்று புரியும்.

ஃபெனி நாறும் என்கிறார்களே, அதைப் போய்ப் பரிசாகக் கொடுக்கலாமா?

வாசனை பலமாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்தால் பக்கத்து அறைக்குத் தெரியும். ஆனால் அது முந்திரிப்பழத்தின் வாசனை. பண்ருட்டிப் பக்கமோ, கொல்லாம்பழம் என்று சொல்லும் கன்னியாகுமரிப் பக்கமோ வளர்ந்தவர்கள் முகர்ந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். கோவாவில் அந்தப் பழத்திலிருந்துதான் ஒரு மதுவே வந்தது.

முந்திரி மரத்தைப் போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். கோடை தொடங்கியதும், தானாக விழுந்த பழங்களை மட்டும் பொறுக்குவார்கள். பறிக்க மாட்டார்கள். பாறையில் குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். மிதித்த சக்கையைக் குவித்து மேலே கல்லைப் பாரமாக வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு ‘நீரோ’. அதை அப்படியே குடிக்கலாம், போதை கிடையாது. மிதித்த சாற்றைச் சில நாள் தானாகப் புளிக்கவிட்டு, விறகடுப்பில் காய்ச்சி வடித்தால் முதலில் வருவது ‘ஊராக்’. இளசான மது, வைத்திருந்தால் கெட்டுவிடும், கோடையில் கோவா போனால்தான் குடிக்கலாம். அதை மறுபடி சாற்றோடு சேர்த்துக் காய்ச்சினால் ஃபெனி. கோவா முந்திரி ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டில் அந்தக் குறியீடு பெற்ற முதல் வடிமது அதுதான். 2016-ல் கோவா அரசு அதைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது.

கொடுக்கும்போது எப்படிக் குடிப்பது என்று ஒரு சின்னத் தாளில் எழுதி வையுங்கள். ஐஸ், லிம்கா, எலுமிச்சம்பழத் துண்டு, உப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று. மிளகாய்தான் உயிர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லேபிள் ஒட்டிய, கலால் முத்திரை உள்ள பாட்டிலை மட்டும் வாங்குங்கள். “வீட்டில் காய்ச்சியது, சுத்தமானது” என்று யாராவது பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால், எந்த ஊர்ச் சாராயமானாலும் சரி, அதைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மெத்தனாலைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது.

விஸ்கி, ரம் பிடிக்காதவர்களுக்கு?

ஜின் கொடுங்கள். கடந்த பத்து வருடத்தில் கோவாவிலிருந்து நல்ல ஜின்கள் வர ஆரம்பித்துவிட்டன. ‘கிரேட்டர் தேன்’ 2017-ல் வந்தது, விலை அடக்கம். அதைச் செய்பவர்களுடைய ‘ஹபுசா’ இமயமலையில் விளையும் ஜூனிபர் என்ற காயின் மணம் ஏற்றியது. மஞ்சள், மாங்காய், வங்காளத்து கொந்தோராஜ் எலுமிச்சை எல்லாம் சேரும். ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’ பாட்டிலில் மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாசனை என்பதால் புதிதாகக் குடிப்பவருக்கும் அந்நியமாகத் தெரியாது. கூட நல்ல டானிக் தண்ணீர் நாலு பாட்டில் வைக்க மறக்காதீர்கள். ஜின்னை மட்டும் கொடுத்தால் பெரும்பாலான வீட்டில் அது அலமாரியில் தூங்கும்.

யாரும் கேள்விப்படாத ஏதாவது இருக்கிறதா?

இலுப்பைப்பூ மது. “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று பழமொழி சொல்கிறோமே, அதே மரம்தான். வடக்கே அதற்கு மஹுவா என்று பெயர். மத்திய இந்தியப் பழங்குடி மக்கள் விடியற்காலையில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி, உலர்த்தி, ஊறவைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். கோண்டு மக்களுக்கு அது சடங்குக்கும் வேண்டும், விருந்துக்கும் வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் இதற்குக் கெடுபிடிகள் வந்தன, பிறகு நாட்டுச்சாராயம் என்ற பட்டியலில் தள்ளிவிட்டார்கள். இப்போது மத்தியப்பிரதேச அரசு இதைப் பாரம்பரிய மதுவாக ஏற்று, பழங்குடிக் குழுக்களே செய்து விற்க வழி செய்திருக்கிறது. தனியார் பாட்டில்களும் சில வருகின்றன. பூவின் மணமும் லேசான மண்வாசனையும் இருக்கும். நம் பழமொழியைச் சொல்லிக் கொடுத்தால் தமிழ் நண்பர் யாரும் மறக்க மாட்டார்.

தக்காணத்தில் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையிலிருந்தும் வடிக்கிறார்கள். மெக்சிகோவின் டெக்கீலாவும் கற்றாழை வகையில் செய்வதுதான். ‘டெஸ்மாண்ட்ஜி’, ‘பிஸ்டோலா’ என்று பெயர்கள். டெக்கீலா பிடித்த இளைஞர்களுக்குச் சரியாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கே உரிய வடிமது எதையாவது கொடுக்க முடியுமா?

பனையும் தென்னையும் இவ்வளவு இருந்தும், கொடுக்கிற மாதிரி ஒன்று இல்லை. கள்ளுக்கே 1987 முதல் இங்கே தடை. அந்தச் சுவைக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் கோவாவின் தென்னை ஃபெனி. கள்ளைக் காய்ச்சி வடிப்பது அது. தென்னஞ்சாராயம் என்று கடையில் பார்க்கும் நல்ல பாட்டில்கள் இலங்கையுடையவை. அருமையானவைதான், ஆனால் இந்தியப் பரிசு என்று சொல்லிக் கொடுக்க முடியாது.

எங்கே வாங்குவது? விலை ஊருக்கு ஊர் மாறுகிறதே?

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி போடுவது அந்தந்த மாநிலம். அதனால் ஒரே பாட்டில் கோவாவில் ஒரு விலை, கர்நாடகத்தில் வேறு விலை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் மட்டும்தான். எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள், நீங்கள் தேடுவது இல்லாமலும் போகலாம். பெங்களூர், கோவா கடைகளிலும், சர்வதேச விமான நிலையத்து டூட்டி ஃப்ரீயிலும் வகைகள் அதிகம்.

வெளி மாநிலத்தில் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு வரம்பு உண்டு. பாண்டிச்சேரியிலிருந்து வரும் வண்டிகளைச் சோதிப்பது எல்லோருக்கும் தெரியும். விதியைப் பார்க்காமல் டிக்கியில் ஏற்றாதீர்கள். குஜராத், பீகார் பக்கம் போகிறவருக்குப் பாட்டில் பரிசே வேண்டாம், மதுவிலக்கு மாநிலங்கள். கூரியரில் அனுப்பும் யோசனையும் வேண்டாம். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மே தினம், காந்தி ஜெயந்தி மாதிரி நாள்களில் கடை திறக்காது. முன்னாடியே வாங்கி வையுங்கள்.

விமானத்தில் எத்தனை பாட்டில் கொண்டு போகலாம்?

24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை என்றால், செக்-இன் பெட்டியில் ஒருவருக்கு 5 லிட்டர். 750 மில்லி பாட்டில் ஆறு வைக்கலாம், ஏழாவது வைத்தால் கணக்கு மீறும். கடையில் வாங்கியபடி சீல் உடையாமல் இருக்க வேண்டும். 70-க்கு மேல் போனால் அனுமதியே இல்லை. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. டூட்டி ஃப்ரீயில் சீல் செய்து கொடுக்கும் பைக்கு மட்டும் விலக்கு, வழியில் விமானம் மாறினால் அந்தப் பையைப் பிரிக்காதீர்கள்.

இறங்கும் நாட்டின் வரம்பு வேறு. அமெரிக்காவில் வரியில்லாமல் 1 லிட்டர், ஆஸ்திரேலியாவில் 2.25 லிட்டர், பிரிட்டனில் வடிமது 4 லிட்டர். குவைத்துக்குக் கொண்டு போகவே கூடாது.

பெட்டியில் வைக்கும் விதம் முக்கியம். கழுத்து மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டி, ஜிப் பையில் போட்டு, இரண்டு லுங்கியில் சுருட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையில் வையுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் ஓரத்தில் வைத்து, ஃபெனி பாட்டில் உடைந்துவிட்டது. உள்ளே இருந்த பட்டுப்புடவையின் வாசனை மூன்று சலவைக்கும் போகவில்லை. புடவை அக்காவுடையது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

குடிப்பார் என்று உறுதியாகத் தெரியாத யாருக்கும் வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்குச் சட்டப்படியே கூடாது. குடியை விட்டவருக்கு, விட முயல்பவருக்கு, கல்லீரலுக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவருக்கு வேண்டவே வேண்டாம். “ஒரு பாட்டில்தானே” என்று நாம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்த வீட்டு அம்மா அதற்குப் பிறகு எத்தனை நாள் தூங்காமல் இருப்பார் என்பது நமக்குத் தெரியாது. விஷயம் தெரியாவிட்டால் அந்த வீட்டில் நெருக்கமான ஒருவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவருக்குக் கூர்க் தேனோ நல்ல ஃபில்டர் காபித்தூளோ வாங்கிப் போங்கள்.

இன்னொன்று, கொடுக்கும் இடம். கிரகப்பிரவேசம், பூணூல், அறுபதாம் கல்யாணம் போன்ற சபைகளில் பெரியவர்கள் முன்னால் பாட்டிலை நீட்டாதீர்கள். கெட்டியான துணிப்பையில் போட்டு, தனியாகக் கூப்பிட்டு, “மாமா, இது உங்களுக்கு, அப்புறம் பாருங்க” என்று கொடுத்தால் அவருக்கும் சங்கடம் இல்லை.

வீட்டில் பத்து வருடமாக ஒரு பாட்டில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

சீல் உடையாத விஸ்கி, ரம் கெட்டுப்போகாது. பீப்பாயைவிட்டு வந்ததும் அதற்கு வயதும் ஏறாது. பத்து வருடம் வைத்ததால் உயர்ந்துவிட்டது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கழுத்தளவு இருந்த மது தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி வழியாக ஆவியாகியிருக்கிறது, கொடுக்காதீர்கள். ஜன்னல் வெயிலில் இருந்ததையும் கொடுக்காதீர்கள். ஒயின் பாட்டில் மாதிரிப் படுக்கவைத்திருந்தால் கார்க்கைச் சாராயம் அரித்திருக்கும். எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். மற்றபடி தாராளமாகக் கொடுக்கலாம். திறக்கும்போது கார்க் உடைந்து தூள் உள்ளே விழுந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, சுத்தமான வேறு பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் போதும்.